ஆறெழுத்தில் உங்கள் கடை

கேள்வி: ஐயா, காரைக்குடியில் வீட்டோடு செட்டிநாட்டுப் பலகாரம் செய்து விற்கிறோம். மாமியார் காலத்தில் கல்யாணச் சீருக்கு மட்டும் செய்து கொடுத்தது, இப்போது கூரியரில் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் வரை போகிறது. பார்சல் கிளம்பியதும் வாடிக்கையாளருக்கு என் சொந்த நம்பரிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்புவேன். போன தீபாவளிக்கு முன் எல்லோருக்கும் ஒரே தள்ளுபடிச் செய்தியை வரிசையாக அனுப்பினேன். இரண்டு நாளில் அந்த சிம்மிலிருந்து அழைக்கவும் முடியவில்லை, செய்தி அனுப்பவும் முடியவில்லை. பெரிய கடைகளிலிருந்து வருவதுபோல நம்பருக்குப் பதிலாக எங்கள் கடைப் பெயர் வர வேண்டும். ஒரு ஏஜென்ட், "டாக்குமென்ட் எதுவும் வேண்டாம்மா, என்னிடம் ரெடியாக ஒரு சென்டர் ஐடி இருக்கிறது, அதிலேயே போட்டுத் தருகிறேன்" என்கிறார். அவரிடம் கொடுக்கலாமா? நாங்களே பதிவு செய்ய முடியுமா? தமிழில் அனுப்பலாமா? அதற்கு எவ்வளவு ஆகும்?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அவரிடம் கொடுக்காதீர்கள். பெயரை உங்கள் கடையின் பேரில், உங்கள் பான் எண்ணைக் கொண்டு நீங்களே பதிவு செய்துகொள்ளுங்கள். செய்திகளை அனுப்பிக் கொடுக்கும் வேலைக்கு மட்டும் ஒரு ஏஜென்ட் போதும். அவரும் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும்.

முதலில் உங்கள் சிம் ஏன் முடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பியது நல்ல செய்தியா, மோசடியா என்று யாரும் பார்க்கவில்லை. சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து வியாபாரச் செய்தி அனுப்பக் கூடாது என்பதுதான் விதி. பெறுபவர்கள் 1909 என்ற எண்ணில் புகார் செய்தால் சிம் முடங்கும். 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிகளைத் திருத்தியபோது இதை இன்னும் இறுக்கிவிட்டார்கள். பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை. முதல் தடவை 15 நாள் அந்த இணைப்பிலிருந்து எதுவும் வெளியே போகாது. மறுபடியும் செய்தால் அந்த ஆளின் பெயரில் உள்ள எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும், வேறு நிறுவனத்துக்குப் போனாலும் சிம் கிடைக்காது. கடைக்கு ஆர்டர் வருவதே அந்த நம்பரில்தான் என்றால், மாவுருண்டைக்குத் தள்ளுபடி சொல்லப் போய்க் கடைக்கே பூட்டுப் போட்ட கதையாகிவிடும்.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை, டிராய் 2018 ஜூலையில் கொண்டுவந்த வணிகச் செய்தி விதிமுறைகள். அதன்படி ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் என எல்லா நிறுவனங்களும் சேர்ந்து ஒரு பொதுப் பதிவேடு வைத்திருக்கின்றன. தொழிலில் இருப்பவர்கள் இதை டிஎல்டி என்பார்கள். யார் அனுப்புகிறார், எந்தப் பெயரில், என்ன வாசகம், யார் வழியாக என்ற நான்கும் முன்கூட்டியே அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும். செய்தி புறப்படும்போது கணினி இந்த நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்று ஒத்துவராவிட்டாலும் செய்தி போகாது.

இப்போது அந்த ஏஜென்ட் சொன்னதை இதில் வைத்துப் பாருங்கள். சென்டர் ஐடி என்பது செய்தியில் வரும் அனுப்புநர் பெயர்; அவரிடம் "ரெடியாக" இருப்பது வேறு யாரோ ஒருவர் பதிவு செய்த பெயர். வாடிக்கையாளரின் திரையில் உங்கள் கடைப் பெயர் வராது. அதே பெயரில் அவர் இன்னும் எத்தனை பேருக்கு என்னென்ன அனுப்புகிறார் என்பதும் உங்களுக்குத் தெரியாது. அதில் ஒருவர் கடன் ஆப் விளம்பரம் அனுப்பிப் புகார் எழுந்தால் பெயர் முடங்கும், உங்கள் பார்சல் செய்தியும் சேர்ந்து நிற்கும். அதோடு 2024 டிசம்பர் 11 முதல், கடைக்காரரில் தொடங்கித் தொலைபேசி நிறுவனம் வரை இடையில் உள்ள ஒவ்வொரு கையும் பதிவேட்டில் சங்கிலியாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. கணக்கில் இல்லாத கை இடையில் இருந்தால் செய்தி நிராகரிக்கப்படும். "டாக்குமென்ட் எதுவும் வேண்டாம்" என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அந்த டாக்குமென்ட் வேறு யாருடையதோ என்றுதான் பொருள்.

சரி, பதிவு. மேலே சொன்ன நிறுவனங்களில் ஏதாவது ஒன்றின் டிஎல்டி தளத்தில் பதிந்தால் போதும், மற்றவற்றிலும் அது செல்லும். தனிநபர் உரிமையில் நடக்கும் கடை என்றால் உரிமையாளரின் பான், தொழில் நடப்பதற்கான சான்று, கடையின் தலைப்புத் தாளில் கையெழுத்தும் முத்திரையும் போட்ட அதிகாரக் கடிதம், கையெழுத்திடுபவரின் அடையாள அட்டை, ஒரு மின்னஞ்சல், ஒரு கைபேசி எண் ஆகியவை அடிப்படை. தொழில் சான்றுக்கு ஜிஎஸ்டி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உத்யம் பதிவு போன்றவற்றை ஏற்கிறார்களா என்று அந்தந்த நிறுவனத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பானில் உள்ள பெயரும் சான்றில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். நம் ஊரில் விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இனிஷியல் ஒன்றில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், மூன்றாவதில் விரித்து எழுதியிருக்கும். 2025 திருத்தம் நேரடிச் சரிபார்ப்பையும் பயோமெட்ரிக்கையும் கட்டாயமாக்கியிருப்பதால், கேட்கும்போது நேரில் போகத் தயாராக இருங்கள். கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பரவலாகக் கேட்கப்படும் தொகை 5,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 5,900. ஒப்புதல் கிடைத்ததும் 19 இலக்க எண் ஒன்று வரும். இனி எல்லாவற்றுக்கும் அதுதான் உங்கள் அடையாளம், எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது பெயர். ஆறு எழுத்து, அதுவும் ஆங்கில எழுத்து. தமிழில் வைக்க முடியாது. ஆறுக்குள் அடக்குவது செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டிய வித்தை அல்ல. ரங்கூனிலும் பினாங்கிலும் கொண்டுவிற்ற காலத்தில், முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை அடுக்கிய விலாசத்தை வைத்தே கடையை அடையாளம் கண்டார்கள். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்து இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். அந்த வங்கியிலிருந்து இன்று வரும் செய்தியில் பெயர் 'ஐஓபிசிஎச்என்'. முழுப் பெயர் எங்கே, ஆறெழுத்து எங்கே. ஆனாலும் கணக்கு வைத்திருப்பவர் பார்த்த உடனே தெரிந்துகொள்கிறார். எச்டிஎஃப்சி வங்கி தன் பெயரோடு 'பிகே' சேர்த்து ஆறாக்கிக்கொண்டது.

உங்களுக்கு என் யோசனை: ஊர்ப் பெயரையோ 'செட்டிநாடு' என்பதையோ தேடிப் போகாதீர்கள். ஒரு பெயர் நாடு முழுவதும் ஒருவருக்குத்தான். பொதுச் சொற்களை யாராவது முன்பே எடுத்திருக்கலாம். எடுக்காவிட்டாலும், "இந்தப் பெயருக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பதிவுச் சான்றில் உள்ள கடைப் பெயரில் உயிரெழுத்துகளைக் குறைத்து ஆறாக்குங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்தை மாற்றிப் போட்டு இன்னொருவர் பெயரைப்போலக் காட்டும் வேலை நடக்காது. 2023-இலேயே டிராய் அதைத் தடுத்துவிட்டது. ஒரு பெயர் யாருடையது என்று பார்ப்பதற்கு டிராய் தனித் தளமே வைத்திருக்கிறது, விண்ணப்பிக்கும் முன் அதில் தேடிப் பாருங்கள்.

வாடிக்கையாளரின் திரையில் உங்கள் ஆறெழுத்துக்கு முன்னால் இரண்டு எழுத்தும் பின்னால் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். பயப்படாதீர்கள். முன்னால் வருவதில் முதல் எழுத்து தொலைபேசி நிறுவனம்: ஏர்டெல்லுக்கு 'ஏ', ஜியோவுக்கு 'ஜே', வி-க்கு 'வி', பிஎஸ்என்எல்லுக்கு 'பி'. இரண்டாவது வட்டாரம், தமிழ்நாட்டுக்கு 'டி'. பின்னால் வருவது 2025-இல் வந்தது. 'எஸ்' என்றால் சேவைச் செய்தி, 'டி' என்றால் பரிவர்த்தனை, 'பி' என்றால் விளம்பரம், 'ஜி' என்றால் அரசு. வங்கியிலிருந்து வருவதாகச் சொல்லும் ஓடிபி சாதாரண நம்பரிலிருந்து வந்தால் சந்தேகப்படுங்கள் என்று வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

பெயர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான தலைவலி டெம்ப்ளேட்தான். என்ன வாசகம் அனுப்பப் போகிறீர்களோ, அதை முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஆர்டர் எண், கூரியர் எண் போல ஆளுக்கு ஆள் மாறும் இடங்களை மட்டும் காலியாக விடலாம். பதிந்த வாசகத்தில் ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் செய்தி போகாது. எல்லாவற்றையும் காலியிடமாக விட்டுப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்ற தந்திரமும் செல்லாது. பொதுவாக மூன்று காலியிடத்துக்கு மேல் கூடாது, வாசகத்தில் குறைந்தது 30 சதவீதம் நிலையாக இருக்க வேண்டும். கடைப் பெயரும் வாசகத்துக்குள் வர வேண்டும். இணையதள இணைப்போ திரும்ப அழைக்கும் எண்ணோ கொடுத்தால் அதையும் தனியே பதிய வேண்டும். பதியாத இணைப்பு உள்ள செய்திகள் 2024 அக்டோபர் 1 முதல் தடுக்கப்படுகின்றன.

இதெல்லாம் சின்னக் கடைக்குத்தான் சிரமம், பெரிய நிறுவனங்கள் ஊதித் தள்ளிவிடும் என்று எண்ண வேண்டாம். 2021 மார்ச் 8-ஆம் தேதி இந்த ஒப்பிடும் முறையை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அன்று நாடு முழுக்கப் பலருக்கு வங்கி ஓடிபி வரவில்லை. பணம் அனுப்ப முடியவில்லை, தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் ஓடிபியும் தடுமாறியது. பெரிய பெரிய நிறுவனங்களே டெம்ப்ளேட்டைப் பதியாமலோ, பதிந்தது ஒன்றும் அனுப்பியது ஒன்றுமாகவோ இருந்திருக்கின்றன. மறுநாளே டிராய் ஏழு நாளுக்கு அதை நிறுத்தி வைத்தது. உங்களுக்குத் தேவைப்படுவது மூன்று நான்கு வாசகங்கள்தான்: ஆர்டர் கிடைத்தது, பணம் வந்தது, பார்சல் கிளம்பியது. நிதானமாக எழுதிப் பதிந்தால் வருடக்கணக்கில் அவற்றையே ஓட்டலாம்.

தமிழில் அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அனுப்பலாம், ஆனால் கணக்குத் தெரிந்து எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு. தமிழ் யூனிகோடில் போவதால் 70 இடம்தான். அந்த 70-ம் நாம் கண்ணால் எண்ணும் எழுத்துக் கணக்கு அல்ல. 'கூ' நமக்கு ஓரெழுத்து, கணினிக்கு 'க' ஒன்று, அதன் பக்கத்துக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கும் இரண்டு. ஒரு வாசகத்தை எண்ணிப் பாருங்கள்:

ஆர்டர் எண் 1234 இன்று கூரியரில் அனுப்பப்பட்டது.

இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து நம் கண்ணுக்கு இது 33. கணினிக்கு 47. மிச்சம் 23 இடத்தில் கடைப் பெயரை அடக்க வேண்டும். கடைப் பெயருக்கு முன்னால் 'ஸ்ரீ' இருந்தால் அதற்கே நான்கு போய்விடும். தொடக்கத்தில் 'வணக்கம்' போட்டால் ஏழு. மரியாதைக்குரிய சொல்தான், ஆனால் 70-ஐத் தாண்டிய நொடியில் செய்தி 67, 67 இடமாக உடைந்து இரண்டு செய்திக் காசு ஆகும். வாங்குபவருக்கு ஒரே செய்தியாகத்தான் தெரியும், பில்லில்தான் இரண்டு. காலியிடத்தில் வந்து விழும் நீளமான கூரியர் எண்ணும் இந்தக் கணக்கில் சேரும். அதை விட்டுவிட்டு எண்ணினால் டெம்ப்ளேட்டில் ஒன்றாகத் தெரிந்தது அனுப்பும்போது இரண்டாகிவிடும். உள்நாட்டில் ஒரு செய்திக்குப் பொதுவாகக் கால் ரூபாய்க்குள்தான் ஆகும், ஆகவே இரட்டிப்பானாலும் குடி முழுகாது. பலகாரத்தைத் தமிழில் கேட்டு வாங்குபவருக்குத் தமிழிலேயே பதில் போகட்டும் என்பதுதான் என் கருத்து. வாசகத்தைச் சுருக்கிக்கொண்டால் போதும்.

தீபாவளித் தள்ளுபடி பற்றி. இதில் என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்: விளம்பர எஸ்எம்எஸ் வேண்டாம். பார்சல் செய்தி சேவை வகை, தள்ளுபடி விளம்பர வகை. இரண்டும் வேறு வேறு டெம்ப்ளேட், வேறு வேறு விதி. "உங்கள் பார்சல் கிளம்பிவிட்டது, அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதம் குறைவு" என்று ஓரத்தில் செருகினால் மொத்தமும் விளம்பரமாகிவிடும். விளம்பரத்துக்குப் பெயருக்குப் பதிலாக வெறும் எண்களைத் தரும் வழக்கமும் உண்டு, அப்படி வந்தால் நீங்கள் ஆசைப்பட்ட கடைப் பெயரே திரையில் இருக்காது. விளம்பரமே வேண்டாம் என்று பதிந்தவர்களுக்கு அது போகாது. உணவு வகை விளம்பரத்தை மட்டும் தனியாகத் தடுத்து வைக்கவும் அவர்களுக்கு வழி இருக்கிறது. விளம்பரம் போய்ச் சேர்பவர்களுக்கும் "இனி வேண்டாம்" என்று சொல்லும் வழியை அதே செய்தியில் கொடுக்க வேண்டும். ஒருவர் ஒருமுறை தேன்குழல் வாங்கினார் என்பதற்காக ஆண்டு முழுக்க அவருக்கு விளம்பரம் அனுப்பும் உரிமை நமக்கு வந்துவிடாது. உங்கள் கடைக்கு வருகிறவர்கள் தெரிந்தவர் சொல்லி வருகிறவர்கள். அவர்களில் விரும்பிக் கேட்டவர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப் பிசினஸில் படத்தோடு அனுப்புங்கள். ஒரு தட்டு மனகோலத்தின் படம் செய்வதை 70 எழுத்து செய்யாது. பார்சல் போன செய்தியும், பணம் வந்த செய்தியும் உங்கள் பெயரில் தவறாமல் போனாலே கடையின் மேல் நம்பிக்கை வரும், அதற்குத்தான் இந்த 5,900.

சிங்கப்பூருக்கு இந்தப் பதிவு செல்லாது. அங்கே விதி தனி. 2021 கடைசியில் ஓசிபிசி வங்கியின் பெயரில் பொய்க் குறுஞ்செய்திகள் வந்தன. வங்கியின் உண்மையான செய்திகள் இருக்கும் அதே வரிசையிலேயே அவையும் போய் உட்கார்ந்ததால் ஜனங்கள் நம்பிவிட்டார்கள். சுமார் 790 பேர், 1.37 கோடி சிங்கப்பூர் டாலர் நஷ்டம். அதன்பிறகு அந்த நாடு தனிப் பதிவேடு கொண்டுவந்து, 2023 ஜனவரி 31 முதல் கட்டாயமாக்கியது. பதியாத பெயரில் போகும் செய்தியின் தலையில் 'இது மோசடியாக இருக்கலாம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு முத்திரை விழும். பதிய வேண்டுமானால் சிங்கப்பூரில் பதிவான நிறுவன எண் வேண்டும். அது உங்களிடம் இல்லை. அங்குள்ள வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் கூரியர் நிறுவனம் அனுப்பும் அறிவிப்பை நம்புங்கள். 'மோசடி' முத்திரையோடு உங்கள் கைமுறுக்கு அங்கே போய்ச் சேர வேண்டாம்.

கடைசியாக ஏஜென்ட். செய்திகளைக் கணினியிலிருந்து தள்ளிவிட ஒருவர் தேவைதான். டெலிமார்க்கெட்டராகப் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். அவருடைய பதிவு எண்ணை வாங்கி, உங்கள் டிஎல்டி கணக்கில் நீங்களே அவரை இணைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் நீங்களே கழற்றிவிடலாம், பெயரும் டெம்ப்ளேட்டும் உங்களிடமே இருக்கும். "நானே பதிந்து தருகிறேன்" என்பவர் உதவிக்கு உட்காரட்டும், ஆனால் கணக்கில் கொடுக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாக இருக்க வேண்டும். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் அவரிடம் சொல்லாதீர்கள். அவருடைய மின்னஞ்சலில் பதிந்துவிட்டுப் பிறகு ஏஜென்ட்டை மாற்ற முடியாமல் தவிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பெயரை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். நெடுநாள் பயன்படுத்தாமல் கிடக்கும் பெயரையும் டெம்ப்ளேட்டையும் முடக்கி வைப்பார்கள். தீபாவளிக்கு மட்டும் எடுத்துத் துடைக்கலாம் என்றால் நடக்காது, மாதாந்தர ஆர்டர்களுக்கும் இதிலேயே அனுப்பி வாருங்கள். விண்ணப்பத்தை ஆடி மாதத்திலேயே போட்டுவிடுங்கள். பெயரில் ஒரு திருத்தம், டெம்ப்ளேட்டில் இரண்டு திருத்தம் என்று திரும்பி வரத்தான் செய்யும். புரட்டாசியில் அடுப்புப் பற்ற வைத்த பிறகு இதற்கு உட்கார உங்களுக்கு நேரம் இருக்காது.